கடலூர் அஞ்சலை அம்மாள்

கடலூர் அஞ்சலை அம்மாள் (ஜூன் 1, 1890 – பெப்ரவரி 20, 1961) இந்திய விடுதலைப் போராட்ட வீராங்கனையும் அரசியல்வாதியும் ஆவார். தமிழ்நாட்டின் கடலூரைச் சேர்ந்த இவர் ஒத்துழையாமை இயக்கம், நீல் சிலை சத்தியாகிரகம், உப்புச் சத்தியாகிரகம் முதலிய போராட்டங்களில் பங்கேற்றுப் பலமுறை சிறை சென்றார். இந்திய தேசிய காங்கிரசு சார்பில் தேர்தலில் நின்று சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் உறுப்பினரானார். மகாத்மா காந்தி இவரைத் தென்னாட்டின் ஜான்சி ராணி என அழைத்ததாகக் கூறப்படுகிறது.

அஞ்சலை அம்மாள் திண்ணைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை மட்டுமே படித்தவர். செல்வமோ பட்டமோ குடும்பச் செல்வாக்கோ இல்லாத எளிய பெண் ஒருவர் மாகாணச் சட்டமன்றத்தில் இடம்பெற்றார் என்பது இவரது வாழ்வின் சிறப்பாகக் கருதப்படுகிறது.

பிறப்பும் இளமையும்

அஞ்சலை அம்மாள் 1890 ஆம் ஆண்டில், அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகரான கடலூரில் உள்ள முதுநகரில் பிறந்தார். பெற்றோர் முத்துமணி, அம்மாக்கண்ணு ஆவர். தென்னாற்காடு மாவட்டம் 1993 ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்டு, கடலூர், விருத்தாசலம், ஸ்ரீமுஷ்ணம், சிதம்பரம் முதலிய ஊர்கள் இன்றைய கடலூர் மாவட்டத்தில் அடங்கின.

முதுநகர் துறைமுகத்தை ஒட்டிய பழைய வணிகப் பகுதியாகும். அருகில் தேவனாம்பட்டினத்தில் உள்ள புனித டேவிட் கோட்டை, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் தொடக்ககால நிலைகளுள் ஒன்று. கடலூருக்கு வடக்கே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, பிரித்தானிய அரசால் தேடப்பட்ட பலருக்குப் புகலிடமாக விளங்கியது. 1918 ஆம் ஆண்டின் இறுதியில் புதுச்சேரியிலிருந்து வெளியேறிய சுப்பிரமணிய பாரதியார் கைது செய்யப்பட்டு அடைக்கப்பட்டதும் கடலூர்ச் சிறையிலேயே. இத்தகைய சூழலில் கடலூர்ப் பகுதியில் அரசியல் செய்திகள் விரைவாகப் பரவின.

அஞ்சலை அம்மாள் முருகப்பா என்பவரை மணந்தார். முருகப்பா பத்திரிகை முகவராகப் பணியாற்றியவர். அச்சிட்ட செய்தி சிலருக்கே எட்டிய காலத்தில், பத்திரிகை முகவரின் வீடு நாட்டு நடப்புகளை உடனுக்குடன் அறியும் இடமாக இருந்தது. கணவனும் மனைவியும் ஒருசேரப் பொதுவாழ்வில் ஈடுபட்டனர்.

அரசியல் நுழைவு

காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் தமிழகத்தில் பரவியபோது, 1921 ஆம் ஆண்டில் அஞ்சலை அம்மாள் பொதுவாழ்வில் நுழைந்தார். தென்னிந்தியாவில் அவ்வியக்கத்தில் பங்கேற்ற தொடக்ககாலப் பெண்களுள் இவரும் ஒருவர். அப்போது இவருக்கு வயது 31. வீட்டை விட்டு வெளியே வந்து தெருவில் பேசுவதே பெண்களுக்குப் பழியாகக் கருதப்பட்ட காலம் அது. கதர்ப் பரப்புரை, அயல்நாட்டுத் துணி மறுப்பு, கள்ளுக்கடை மறியல் ஆகியன அன்றைய காங்கிரசின் முதன்மையான பணிகள்.

போராட்டச் செலவுகளுக்காக இவரது குடும்பம் தங்களுக்குச் சொந்தமான நிலத்தையும் வீட்டையும் விற்றது.

நீல் சிலை சத்தியாகிரகம்

1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஒடுக்கியபோது அலகாபாத், கான்பூர் பகுதிகளில் பெரும் கொடுமைகளை இழைத்தவர் ஜேம்சு நீல். சென்னைப் படைப்பிரிவு ஒன்றின் தளபதியாக இருந்த இவர், அதே ஆண்டு செப்டம்பரில் லக்னோவில் கொல்லப்பட்டார். இவருக்குச் சென்னை மவுண்ட் சாலையில் சிலை நிறுவப்பட்டிருந்தது. அதனை அகற்றக் கோரி 1927 ஆம் ஆண்டில் சத்தியாகிரகம் தொடங்கியது. திருநெல்வேலியைச் சேர்ந்த சோமயாஜுலு இப்போராட்டத்தை முன்னின்று நடத்தினார். மாகாணத்தின் பல பகுதிகளிலிருந்தும் தொண்டர்கள் அணி அணியாகச் சென்னைக்கு வந்து கைதாயினர்.

அஞ்சலை அம்மாள் தம் கணவருடனும், ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவுடனும் இப்போராட்டத்தில் ஈடுபட்டார். சிலையை உடைக்க முயன்றதற்காகக் கைது செய்யப்பட்டுச் சிறைத்தண்டனை பெற்றார். சிறுமியான அம்மாக்கண்ணுவும் தண்டிக்கப்பட்டு, சிறாருக்கான இல்லத்தில் வைக்கப்பட்டார். தாயும் மகளும் ஒரே போராட்டத்தில் தண்டனை பெற்ற செய்தி அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது.

1927 ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்த காந்தி, அஞ்சலை அம்மாளையும் மகளையும் சந்தித்தார். பின்னர் அம்மாக்கண்ணு காந்தியின் ஆசிரமத்தில் வளர்ந்தார். காந்தி அவருக்கு லீலாவதி எனப் பெயரிட்டார்.

சத்தியாகிரகத்தால் சிலை உடனடியாக அகற்றப்படவில்லை. 1937 ஆம் ஆண்டில் இராசகோபாலாச்சாரியார் தலைமையிலான காங்கிரசு அரசு பதவியேற்ற பின்னர், சென்னை மாநகராட்சியின் தீர்மானத்தின்படி அது மவுண்ட் சாலையிலிருந்து அகற்றப்பட்டது. பின்னாளில் எழும்பூர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. சிலையை உடைக்க முயன்று சிறை சென்ற அஞ்சலை அம்மாள், சிலை அகற்றப்பட்டபோது ஆளும் கட்சியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார்.

சிறை வாழ்க்கை

1930 ஆம் ஆண்டின் உப்புச் சத்தியாகிரகத்திலும், அதனைத் தொடர்ந்த சட்டமறுப்பு இயக்கத்திலும் அஞ்சலை அம்மாள் பங்கேற்றார். கடலூர், வேலூர், திருச்சிராப்பள்ளி, பெல்லாரி ஆகிய ஊர்களின் சிறைகளில் வெவ்வேறு காலங்களில் அடைக்கப்பட்டார்.

1930களின் தொடக்கத்தில் வேலூர்ச் சிறையில் இருந்தபோது இவர் கருவுற்றிருந்தார். மகப்பேற்றுக்காகச் சிறையிலிருந்து தற்காலிகமாக விடுவிக்கப்பட்ட இவர், குழந்தை பிறந்த இரண்டு வாரங்களில் கைக்குழந்தையுடன் மீண்டும் சிறைக்குத் திரும்பி எஞ்சிய தண்டனையை நிறைவு செய்தார். சிறைவாசத்தின் நினைவாக அக்குழந்தைக்கு ஜெயில்வீரன் எனப் பெயர் வைக்கப்பட்டது. இப்பெயர் பின்னர் ஜெயவீரன் என வழங்கியது.

காந்தியின் கடலூர் வருகை

1934 ஆம் ஆண்டு பெப்ரவரியில் காந்தி தீண்டாமை ஒழிப்புக்கான தம் சுற்றுப்பயணத்தின்போது தென்னாற்காடு மாவட்டத்திற்கு வந்தார். அப்போது அவர் அஞ்சலை அம்மாளைச் சந்திக்க அதிகாரிகள் தடை விதித்திருந்தனர் எனவும், அஞ்சலை அம்மாள் பர்தா அணிந்து குதிரை வண்டியில் சென்று அவரைச் சந்தித்தார் எனவும் கூறப்படுகிறது. இந்தத் துணிவைக் கண்டே காந்தி இவரை ஜான்சி ராணியுடன் ஒப்பிட்டார் என்பது கடலூர்ப் பகுதியில் வழங்கும் செய்தியாகும்.

சட்டமன்றத் தேர்தல்

பின்னணி

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921 ஆம் ஆண்டிலேயே வரையறுக்கப்பட்ட வாக்குரிமை வழங்கப்பட்டது. எனினும் வேட்பாளராக நிற்கும் உரிமை 1926 ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. அவ்வாண்டு நடந்த சென்னை சட்டமேலவைத் தேர்தலில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்தியாயா மிகக் குறைந்த வாக்கு வேறுபாட்டில் தோற்றார். அடுத்த ஆண்டு மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி மேலவைக்கு நியமிக்கப்பட்டு அதன் துணைத்தலைவரானார். இவர்கள் உயர்கல்வி பெற்றவர்கள். நகரச் சமூகத்தில் அறியப்பட்டவர்கள்.

1935 ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களுக்குத் தன்னாட்சி வழங்கியது. சென்னை மாகாணத்தில் 215 உறுப்பினர்களைக் கொண்ட சட்டமன்றம் உருவாக்கப்பட்டது. அதில் 8 இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. பிரித்தானிய இந்தியாவின் மாகாணச் சட்டமன்றங்கள் அனைத்திலும் சேர்த்துப் பெண்களுக்கான ஒதுக்கீடு 41 இடங்கள் ஆகும்.

அப்போது வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை இருக்கவில்லை. வரி செலுத்துதல், நிலம், எழுத்தறிவு முதலிய தகுதிகளின் அடிப்படையிலேயே வாக்குரிமை வழங்கப்பட்டது. பெண்களைப் பொறுத்தவரை எழுதப் படிக்கத் தெரிந்திருப்பதும் ஒரு தகுதியாக ஏற்கப்பட்டது. சொத்துகளை விற்றுவிட்ட குடும்பங்களின் பெண்களுக்கு, திண்ணைப் பள்ளியில் பெற்ற எழுத்தறிவே இச்சட்டத்தின்கீழ் வாக்குரிமைக்கு வழிவகுத்தது.

சிறை சென்றவர்கள் போட்டியிடுவது குறித்தும் சட்டத்தில் விதி இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவர்கள், விடுதலையாகி ஐந்து ஆண்டுகள் கழியும்வரை உறுப்பினராக முடியாது. அதனினும் குறைந்த தண்டனைகளை அனுபவித்த சத்தியாகிரகிகள் போட்டியிட இவ்விதி தடையாக இல்லை.

1937 தேர்தல்

முதல் தேர்தல் 1937 ஆம் ஆண்டு பெப்ரவரியில் நடைபெற்றது. அஞ்சலை அம்மாள் காங்கிரசு வேட்பாளராகக் கடலூரில் போட்டியிட்டு வெற்றி பெற்றார்.

வாக்காளர்களுள் எழுத்தறியாதோர் பலர் இருந்ததால், வாக்குச்சாவடிகளில் கட்சிகளுக்கு வெவ்வேறு நிறப் பெட்டிகள் வைக்கப்பட்டன. காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி ஒதுக்கப்பட்டது. எனவே மஞ்சள் பெட்டிக்கு வாக்களிக்கக் கோருவதே காங்கிரசுப் பரப்புரையின் மையமாக அமைந்தது. நீதிக்கட்சியின் வேட்பாளர்களுள் நிலக்கிழார்களும் வழக்கறிஞர்களும் மிகுந்திருந்தனர். காங்கிரசு, சிறை சென்ற தொண்டர்கள் பலரையும் தன் வேட்பாளர்களாக நிறுத்தியது. தேர்தலுக்கெனத் தனியே செல்வம் திரட்ட இயலாத எளியவர்களுக்குக் கட்சியின் அமைப்பும், போராட்டங்களின் வழியாக மக்களிடையே கிடைத்த அறிமுகமுமே துணையாக இருந்தன.

காங்கிரசு 159 இடங்களில் வென்றது. 1937 ஜூலையில் இராசகோபாலாச்சாரியார் பிரதமராகப் பதவியேற்றார். அக்காலத்தில் மாகாண முதலமைச்சர்கள் பிரதமர் என்றே அழைக்கப்பட்டனர். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற ருக்மிணி லட்சுமிபதி சட்டமன்றத்தின் துணைத்தலைவரானார்.

இந்த அரசு 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தி, பின்னர் வேறு சில மாவட்டங்களுக்கும் விரிவாக்கியது. 1938 ஆம் ஆண்டில் உழவர் கடன் நிவாரணச் சட்டமும், 1939 ஆம் ஆண்டில் ஒடுக்கப்பட்ட மக்களின் கோயில் நுழைவுக்கு வழிசெய்யும் சட்டமும் நிறைவேற்றப்பட்டன. பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய இதன் ஆணை கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அவ்வெதிர்ப்புப் போராட்டத்தில் பெண்கள் பலர் கைக்குழந்தைகளுடன் சிறை சென்றனர்.

உலகப்போர்க் காலம்

இந்தியர்களைக் கேட்காமலே இந்தியா இரண்டாம் உலகப்போரில் ஈடுபடுத்தப்பட்டதைக் கண்டித்து, 1939 அக்டோபரில் காங்கிரசு அமைச்சரவை பதவி விலகியது. ஆட்சி ஆளுநரின் கைக்குச் சென்றது. 1940 ஆம் ஆண்டின் இறுதியில் காந்தி தனிநபர் சத்தியாகிரகத்தை அறிவித்தபோது, சட்டமன்ற உறுப்பினர்களும் காங்கிரசுக் குழு உறுப்பினர்களும் முன்னணியில் நின்று கைதாகுமாறு தேர்ந்தெடுக்கப்பட்டனர். இப்போராட்டத்திலும் அஞ்சலை அம்மாள் சிறை சென்றார். போராளியாகச் சிறைக்கும், அதன்வழி சட்டமன்றத்திற்கும் சென்ற இவர், சட்டமன்ற உறுப்பினரான பின்னும் சிறை செல்ல நேர்ந்தது.

இரண்டாம் முறை

1946 ஆம் ஆண்டில் நடந்த அடுத்த தேர்தலிலும் அஞ்சலை அம்மாள் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இச்சட்டமன்றத்தின் காலத்திலேயே நாடு விடுதலை பெற்றது. கோயில்களில் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் 1947 ஆம் ஆண்டில் நிறைவேறியது. 1948 அக்டோபர் 2 ஆம் நாள் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. 1920களில் கடைகளின் முன் மறியல் செய்து தொண்டர்கள் கோரிய ஒன்று இவ்வாறு சட்டமாயிற்று.

அஞ்சலை வாய்க்கால்

சட்டமன்ற உறுப்பினராக அஞ்சலை அம்மாள் ஆற்றிய பணிகளுள் மக்கள் நினைவில் நிலைத்தது தீர்த்தாம்பாளையத்திற்குத் தண்ணீர் கொண்டுவந்ததாகும். இவ்வூர் பரங்கிப்பேட்டைப் பகுதியில் உள்ளது. ஸ்ரீமுஷ்ணம் பூவராகசுவாமி மாசிமகத்தின்போது தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் கிள்ளைக் கடற்கரையும் இப்பகுதியிலேயே அமைந்துள்ளது. கடலை ஒட்டிய இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பாக மாறுவது வழக்கம். ஆகவே இத்தகைய ஊர்கள் ஏரி, வாய்க்கால் நீரையே பெரிதும் நம்பியிருந்தன.

மாவட்டத்தின் தென்பகுதிக்கு நீர் வழங்கும் முதன்மையான நீர்நிலை வீராணம் ஏரி ஆகும். சோழர் காலத்தில் அமைக்கப்பட்ட இவ்வேரி, கொள்ளிடத்திலிருந்து வடவாறு வழியாக நீர் பெறுகிறது. நீர் நிறைந்த ஏரி மாவட்டத்திலேயே இருந்தும், வாய்க்கால் எட்டாத கடைமடை ஊர்கள் தண்ணீருக்குத் தவித்தன. தீர்த்தாம்பாளையத்தின் தண்ணீர்த் தட்டுப்பாட்டைத் தீர்க்க, வீராணம் வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால் ஒன்றை வெட்ட அஞ்சலை அம்மாள் ஏற்பாடு செய்தார். அது இவர் பெயரால் அஞ்சலை வாய்க்கால் என அழைக்கப்படுகிறது.

பெரிய அணைகளும் திட்டங்களும் அமைச்சர்களின் பெயரால் நினைவுகூரப்படுவதுண்டு. ஒரு கிளை வாய்க்கால் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் பெயரை மக்கள் வழக்கில் பெறுவது அரிது. அமைச்சர் பதவி எதனையும் வகிக்காத ஓர் உறுப்பினர், தம் பகுதியின் தேவையை அரசிடம் எடுத்துச் சென்று நிறைவேற்றியதற்கு இவ்வாய்க்கால் சான்றாக உள்ளது.

குடும்பம்

அஞ்சலை அம்மாளின் மகள் லீலாவதி, விடுதலைப் போராட்ட வீரரும் எழுத்தாளருமான ஜமதக்னியை மணந்தார். பொதுவுடைமைக் கொள்கையில் ஈடுபாடு கொண்ட ஜமதக்னி, கார்ல் மார்க்சின் மூலதனம் நூலைத் தமிழில் மொழிபெயர்த்தவர். காந்தியின் ஆசிரமத்தில் வளர்ந்த மகளும் மார்க்சியரான மருமகனும் ஒரே குடும்பத்தில் இணைந்தனர்.

இறுதிக் காலம்

அஞ்சலை அம்மாள் தம் இறுதிக் காலத்தைச் சிதம்பரத்தை அடுத்த முட்லூரில் கழித்தார். விடுதலைப் போராட்டத் தியாகிகளுக்கு வழங்கப்பட்ட உதவித்தொகையை இவர் ஏற்க மறுத்ததாகக் கூறப்படுகிறது. 1961 பெப்ரவரி 20 ஆம் நாள் தமது 70 ஆம் வயதில் காலமானார்.

நினைவும் மதிப்பீடும்

அஞ்சலை அம்மாளின் பெயர் நெடுங்காலம் கடலூர் மாவட்டத்திற்கு வெளியே மிகுதியாக அறியப்படவில்லை. பிற விடுதலைப் போராட்டத் தலைவர்களைப் போல இவர் தன்வரலாறோ நூல்களோ எழுதவில்லை. இவரைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் குடும்பத்தினர், உள்ளூர் மக்கள் ஆகியோரின் நினைவுகள் வழியாகவே பரவின. 21 ஆம் நூற்றாண்டில் பெண்களின் வரலாறு குறித்த ஆர்வம் வளர்ந்தபோது இவரைப் பற்றிய கட்டுரைகள் மிகுதியாக வெளிவரத் தொடங்கின. நடிகர் விஜய் 2024 ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழக வெற்றிக் கழகம், பெரியார், அம்பேத்கர், காமராசர், வேலுநாச்சியார் ஆகியோருடன் அஞ்சலை அம்மாளையும் தன் கொள்கைத் தலைவர்களுள் ஒருவராக அறிவித்தது. 2024 அக்டோபர் 27 அன்று விக்கிரவாண்டி அருகே நடந்த அக்கட்சியின் முதல் மாநில மாநாட்டில் இவரது உருவப்படம் வைக்கப்பட்டதைத் தொடர்ந்து, இவரது பெயர் தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்டது.

1952 ஆம் ஆண்டின் பொதுத்தேர்தலில் வயதுவந்த குடிமக்கள் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. இந்திய அரசியலமைப்பின்படி, 25 வயது நிறைந்த குடிமகன் எவரும் சொத்தோ படிப்போ இல்லாமலே மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் நிற்கலாம். சொத்தும் வரியும் எழுத்தறிவும் அளவுகோலாக இருந்த காலத்திலேயே, சொத்தை இழந்து சிறையில் வாழ்ந்த ஓர் எளிய பெண் சட்டமன்றத்தில் இடம்பெற்றார் என்பது சென்னை மாகாணத் தேர்தல் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.